கரையை மொட்டையடிக்காமலே நடைபாதை போடலாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

டெல்டாவில் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் காலை நடைக்கு ஆற்றங்கரைக்கு வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். தஞ்சாவூரில் புது ஆறு என்கிற கல்லணைக் கால்வாய், கரந்தைப் பக்கம் வடவாறு, பள்ளியக்கிரகாரத்தில் வெண்ணாறு, கும்பகோணத்தில் அரசலாறு என்று ஊர் முடிகிற இடத்தில் ஒரு கரை தொடங்கிவிடுகிறது. அந்தக் கரைகளை நடைபாதையாக்க வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது; நாங்களும் அதை வழிமொழிகிறோம். ஆனால் மேம்பாடு என்று சொன்னதும் முதலில் வந்து நிற்பது பொக்லைன். நாணல், நொச்சி, எருக்கு, ஈச்சை எல்லாவற்றையும் வழித்துவிட்டு சிமெண்டுக் கல் பதிக்கிறார்கள், உயர்கோபுர விளக்கு நடுகிறார்கள். நடக்க வழி கிடைக்கிறது. கரையில் இருந்த உயிர்கள் போய்விடுகின்றன. அங்கே எப்போது என்ன இருக்கிறது, அதை எப்படிப் பார்ப்பது, எதைத் தொடாமல் விட்டால் அது தங்கும் என்று தெரிந்துகொண்டு வேலை எடுத்தால் இரண்டையும் காப்பாற்றலாம். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

நம் பகுதியில் எந்த மாதம் எதைப் பார்க்கலாம் என்பதைத் தீர்மானிப்பது மேட்டூர் அணைதான். வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி அணையைத் திறக்கிறார்கள். மூன்று, நான்கு நாளில் தண்ணீர் கல்லணைக்கு வந்துவிடும். அங்கிருந்து பிரிந்து கிளையாறுகளுக்கும் வாய்க்கால்களுக்கும் வருகிற முதல் தண்ணீரை அவசியம் போய்ப் பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் காய்ந்து வெடித்துக் கிடந்த தரையில் தண்ணீரின் முனை மெல்ல நகர நகர, வெடிப்புக்குள் ஒளிந்திருந்த பிள்ளைப்பூச்சி, சில்வண்டு, பூரான் எல்லாம் உயிர்பிழைக்க வெளியே ஓடிவரும். மைனா, காக்கை, உண்ணிக்கொக்கு மூன்றும் அந்த முனைக்கு ஓரடி முன்னால் நடந்தபடியே பொறுக்கித் தின்னும். கரிச்சான் கம்பியிலிருந்து விழுந்து விழுந்து பிடிக்கும். தண்ணீர் கடந்துபோனதும் அந்த இடம் வெறிச்சோடிவிடும். கூட்டம் முனையோடு போய்க்கொண்டே இருக்கும்.

ஆகஸ்ட் கடைசியிலிருந்து தகைவிலான்கள் மின்கம்பியில் வரிசையாக உட்காரத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தவளைச் சத்தமும் தூக்கணாங்குருவிக் கூடும். மார்கழி, தையில் வாலாட்டி, உள்ளான், பழுப்புக் கீச்சான், வயலுக்கு மேல் தாழப் பறந்து வரும் சேற்றுப் பூனைப்பருந்து ஆகிய வலசைப் பறவைகள் இருக்கும். 1999-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட வடுவூர் ஏரியும், உதயமார்த்தாண்டபுரமும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்தன. அங்கே தங்கும் பறவைகளில் பல இரை தேடுவது சுற்றுப்பட்டு வயலிலும் வாய்க்காலிலும்தான். ஆகவே ஊரோரக் கரையைக் காப்பதும் சரணாலயத்தைக் காப்பதில் ஒரு பகுதி.

ஜனவரி 28-இல் அணை மூடியபின் ஆறு வடிந்து, மாசியில் அங்கங்கே மடுவாகத் தேங்கும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இந்த மாசியில் தொடங்கினால் நல்லது. ஆற்றில் இருந்த மீனெல்லாம் மடுவில் சேர்ந்துவிடுவதால் கொக்கு, நாரை, நீர்க்காகம், மீன்கொத்தி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம். பங்குனியிலிருந்து வைகாசி வரை ஆறு காய்ந்து கிடக்கும். அப்போது பார்க்க ஒன்றும் இல்லை என்று பலர் நடையை நிறுத்திவிடுகிறார்கள். கரை மண்ணில் பொந்து குடையும் பறவைகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது அந்த மாதங்களில்தான். தூர்வாரும் வேலையும் அதே மாதங்களில் வருகிறது. அதைப் பின்னால் சொல்கிறோம்.

நடக்கும் முறை. உடற்பயிற்சி நடையும் இதுவும் வேறு வேறு. உயிரினங்களைப் பார்க்க வேண்டுமென்றால் மணிக்கு ஒன்று, மிஞ்சிப்போனால் ஒன்றரை கிலோமீட்டர் போதும். தஞ்சாவூரில் சூரிய உதயம் ஜூனில் ஏறத்தாழ 5.50, ஜனவரியில் 6.35 மணி. உதயத்துக்குக் கால் மணி நேரம் முன்பே கரையில் இருக்க வேண்டும். கோடையில் எட்டு மணிக்கு மேல் பறவைகள் நிழலுக்குள் போய்விடும். நம் ஆறுகள் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகின்றன. காலையில் கிழக்கு முனையில் தொடங்கி ஆற்றின் எதிர்த்திசையில் நடந்தால் வெயில் முதுகில் படும், எதிரே இருக்கும் பறவையின் நிறம் முழுதாகத் தெரியும். மாற்றி நடந்தால் கண் கூசும். கொக்குகூடக் கறுப்பு உருவமாகத்தான் தெரியும். மாலையில் இதையே திருப்பிக்கொள்ள வேண்டும்.

மதகு, பாலம், மடு, பனங்கூட்டம், பழைய படித்துறை ஆகிய இடங்களில் பத்து நிமிடம் அசையாமல் நிற்கவேண்டும். ஆள் வந்ததும் விலகிய பறவைகள் பெரும்பாலும் அந்தப் பத்து நிமிடத்துக்குள் பழைய இடத்துக்கு வந்துவிடும். இரண்டு நிமிடம் நின்றுவிட்டு நகர்கிறவர்கள் பறந்துபோகிற முதுகை மட்டுமே பார்க்கிறார்கள். ஒரு குழுவில் நான்கு பேர் போதும். கூடுதலாக இருந்தால் இரண்டாகப் பிரிந்து கால் மணி நேர இடைவெளியில் வரலாம். சட்டை மண் நிறமோ மங்கிய பச்சையோ இருக்கட்டும்; வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை வெகுதூரம் தெரியும். நாயை அழைத்துவர வேண்டாம். கொக்கு கழுத்தை நீட்டி நிமிர்ந்தால், ஆட்காட்டி கத்தத் தொடங்கினால், நாம் மிக அருகே வந்துவிட்டோம் என்று அர்த்தம். நான்கு எட்டு பின்வாங்கினால் அது மறுபடி தன் வேலையைப் பார்க்கும்.

தொலைநோக்கி வாங்குகிறவர்கள் 8×42 வாங்கலாம். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது. இரண்டாவது எண் முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 10 மடங்கு இன்னும் நன்றாக இருக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் கை நடுக்கமும் அதே அளவு பெரிதாகும், பார்வைப் பரப்பும் குறுகும். புதரில் தாவுகிற குருவியைத் தேடிப் பிடிப்பதற்குள் அது போய்விடும். முதல் முறை சரிசெய்யும்போது வலது பக்கக் கண்ணாடியை மூடிக்கொண்டு, நடுவிலுள்ள சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்குத் தெளிவாக்க வேண்டும். பிறகு இடதை மூடி, வலது கண்பக்கத்தில் இருக்கும் வளையத்தை மட்டும் திருப்பித் தெளிவாக்க வேண்டும். அப்புறம் நடுச் சக்கரம் ஒன்றே போதும். பறவையைப் பார்த்ததும் தலையைக் குனிந்து கருவியைத் தேடக் கூடாது. கண்ணைப் பறவைமேலேயே வைத்துக்கொண்டு கருவியைக் கண்ணுக்குத் தூக்க வேண்டும்.

தொடக்கத்தில் எல்லாரும் குழம்புவது வெள்ளைக் கொக்குகளில்தான். அலகையும் காலையும் பார்த்தால் குழப்பம் தீரும். அலகு கறுப்பு, கால் கறுப்பு, விரல்கள் மட்டும் மஞ்சள் என்றால் சின்னக் கொக்கு. ஆழமில்லாத தண்ணீரில் காலால் சேற்றைக் கிளறி மீனைக் கிளப்பும்போது அந்த மஞ்சள் விரல் நன்றாகத் தெரியும். குட்டைக் கழுத்தும் மஞ்சள் அலகுமாக மாட்டின் காலடியிலும் டிராக்டர் பின்னாலும் நடப்பது உண்ணிக்கொக்கு. இனப்பெருக்கக் காலத்தில் அதன் தலையும் கழுத்தும் ஆரஞ்சு பூத்துவிடும். எல்லாவற்றிலும் உயரமாக, கழுத்தில் ஒரு முறிவோடு நிற்பது பெரிய கொக்கு. அதன் வாய்க்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும். நடுத்தரக் கொக்குக்கு அந்தக் கோடு கண்ணுக்குக் கீழேயே முடிந்துவிடும். மடையான் உட்கார்ந்திருக்கும்வரை மண்ணோடு மண்ணாக இருக்கும், எழுந்து பறந்தால் சிறகு முழுதும் வெள்ளை.

நத்தைக்குத்தி நாரையைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். அலகின் மேல்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் நடுவே இடைவெளி இருக்கும். இளம் பறவைக்கு அது இருக்காது, வளர வளர உண்டாகும். வயலிலும் வாய்க்கால் ஓரத்திலும் அலகைத் தண்ணீருக்குள் விட்டுத் துழாவி நத்தையைப் பிடிக்கும். ஓட்டை உடைப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் உடைப்பதில்லை. நத்தையைத் தரையோடு அழுத்திக்கொண்டு, கூர்மையான கீழலகை நத்தையின் வாய்மூடிக்கு உள்ளே நுழைத்து, சதை ஓட்டோடு ஒட்டும் தசையை அறுத்து, சதையை முழுசாக இழுத்துவிடும். தலையைப் பக்கவாட்டில் உதறுவதைக் கவனித்தால் வேலை முடியும் தருணம் தெரியும். அது எழுந்துபோன பிறகு அந்த இடத்துக்குப் போனால் ஓடு சேதமில்லாமல் கிடக்கும், பக்கத்தில் அந்த வாய்மூடி தனியாகக் கிடக்கும். நடவுப் பயிரைக் கடிக்கும் நத்தையைச் செலவில்லாமல் குறைப்பது இந்தப் பறவைதான். குஞ்சுக்கும் நத்தைச் சதையையே கொண்டுபோய்க் கொடுக்கும்.

கரையோரப் பனையிலும் ஈச்சையிலும் தண்ணீரைப் பார்த்துத் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூடுகளில் பாதி கட்டி விட்டவற்றையும் பாருங்கள். ஆண் பறவை நெல் தாளையும் நாணல் தோகையையும் நாராகக் கிழித்து, கூட்டைப் பாதி முடித்து, நடுவில் ஒரு வளையம் விட்டு, அதில் தொங்கியபடி சிறகடித்துப் பெட்டையைக் கூப்பிடும். பெட்டை வந்து உள்ளே நுழைந்து பார்த்துப் பிடித்தால்தான் மீதிக் கூடும் நுழைவுக் குழலும் கட்டப்படும். பிடிக்காவிட்டால் அது அரைகுறையாகவே நிற்கும். அலங்காரத்துக்குக் கூடு வேண்டுமென்று ஓலையை வெட்டி எடுக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், காற்றில் விழுந்த கூடே எவ்வளவோ கிடக்கிறது. நாணலை வழித்துவிட்டால் கூடு கட்ட நார் கிடைக்காது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

பாலூட்டிகளை நேரில் பார்ப்பதைவிட அவற்றின் தடத்தைப் படிப்பது எளிது. தண்ணீர் வரத்து நின்று ஒரு வாரம் ஆன ஆற்றுப்படுகையில் சேறு பாதி இறுகியிருக்கும். அப்போது காலையில் போனால் இரவு நடமாட்டம் முழுதும் பதிந்து கிடக்கும். நான்கு விரலும் நகக்குறியும் இருந்தால் நாய் அல்லது நரி. நரியின் தடம் குறுகலாக, நேர்கோட்டில் போகும். தெருநாய் வளைந்து வளைந்து முகர்ந்துகொண்டே போகும். நான்கு விரல், நகக்குறி இல்லை என்றால் பூனை வகை. ஐந்து விரலும், நடுவில் சவ்வு அழுந்திய அடையாளமும் இருந்தால் நீர்நாய். கொள்ளிடத்திலும் காவிரியிலும் நீர்நாய்கள் இன்றும் குடும்பமாகத் திரிகின்றன. மணல் திட்டிலும் பாறையிலும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கழிவிடும் பழக்கம் அவற்றுக்கு உண்டு. மீன் செதிலும் நண்டு ஓடும் கலந்து, கவிச்சி அடிக்கும். அதைப் பார்த்தால் தூரத்திலேயே நின்று, விடியலிலோ அந்தியிலோ காத்திருக்கலாம். ஒன்று மட்டும் எச்சரிக்கை. அணைக்கரைப் பக்கம் கொள்ளிடத்தில் முதலைகள் உண்டு. அங்கே தண்ணீர் ஓரத்துக்கும் திட்டுகளுக்கும் இறங்கவே கூடாது. ஊர்க்காரர்களைக் கேட்டுக்கொண்டு கரைமேலே நடக்க வேண்டும்.

பாம்பு பயத்தைக் காரணம் காட்டித்தான் பெரும்பாலும் புதரை வெட்டச் சொல்கிறார்கள். கரையில் பகலில் கண்ணில் படுபவை அநேகமாகத் தண்ணீர்ப் பாம்பும் சாரையும்தான். இரண்டுக்கும் நஞ்சில்லை. தண்ணீர்ப் பாம்புக்கு உடம்பில் சதுரங்கக் கட்டம் போட்டதுபோல் கறுப்புக் கட்டங்கள், கண்ணுக்குக் கீழும் பின்னுமாக இரண்டு கறுப்புக் கோடுகள். மிரட்டினால் கழுத்தைத் தட்டையாக்கித் தூக்கும், அதைப் பார்த்து நல்லபாம்பு என்று அடித்துவிடுகிறார்கள். சாரைக்குக் கண் பெரிது, ஆள் வந்தால் ஓடிவிடும். கவனமாக இருக்க வேண்டியது கண்ணாடிவிரியனிடம். தடித்த உடம்பில் மூன்று வரிசையாகப் பழுப்பு நிற நீள்வட்டப் புள்ளிகள். நெருங்கினால் குக்கர் சீறுவதுபோல் பெரிய சத்தம் போடும், இடத்தைவிட்டு எளிதில் நகராது. அந்தி சாய்ந்தபின் அது நடமாடும். ஆகவே இருட்டில் கரையில் நடப்பவர்கள் மூடிய செருப்பு போட்டு, டார்ச் அடித்து, பாதை நடுவே நடக்க வேண்டும். விரியன் எலியைத் தேடித்தான் வருகிறது. எலி வருவது பாலத்தடியில் கொட்டும் கோழிக்கழிவுக்கும் சோற்றுக்கும். குப்பையை நிறுத்தாமல் புதரை மட்டும் வெட்டினால் எலியைத் தின்னும் கூகை, கீரி, சாரை மூன்றும் போய், எலி மட்டும் தங்கிவிடும்.

பாம்பு கடித்துவிட்டால் கயிறு கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாய்வைத்து உறிஞ்சக் கூடாது. மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கை, காலை ஒரு குச்சியோடு சேர்த்து அசையாமல் வைத்து, நடக்க விடாமல் 108-இல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நஞ்சுமுறி மருந்து அங்கே இலவசம். பாம்பை அடித்துக் கொண்டுபோக வேண்டிய அவசியமில்லை.

இனி, பங்குனி முதல் வைகாசி வரை நடப்பதைச் சொல்கிறோம். ஆறு காய்ந்ததும் செங்குத்தாக அறுந்த கரை மண் வெளியே தெரியும். அதில்தான் வெண்மார்பு மீன்கொத்தியும் சிறிய நீல மீன்கொத்தியும் பஞ்சுருட்டானும் பொந்து போடுகின்றன. எல்லாப் பொந்திலும் பறவை இருக்காது. நண்டு வளையும் எலி வளையும் கலந்திருக்கும். பறவைப் பொந்து தரையிலிருந்து விலகி, மேல் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே இருக்கும். மீன்கொத்தியின் பொந்து வாயில், கீழ்ப்பக்கம் இரண்டு கால்களும் உரசி உரசி உண்டான இரண்டு கோடுகள் தெரியும். குஞ்சு இருந்தால் வாயிலிலிருந்து வெள்ளையாக எச்சம் வழிந்திருக்கும், அழுகிய மீன் வாடை வரும். பஞ்சுருட்டானின் பொந்து சிறியது, குட்டையான வரப்பு மேட்டில்கூட இருக்கும், கீழே புதிதாகத் தள்ளிய மண் பொடிப்பொடியாகக் குவிந்திருக்கும். சுரங்கம் ஒரு மீட்டருக்கு மேல்கூடப் போகும். அதன் தலைக்கு மேலே, கரையின் மேற்பரப்பில் வண்டி ஏறினாலே இடிந்துவிடும்.

கரைமேல் கிராவல் கிடக்கும் வெட்டவெளியில் ஆட்காட்டி முட்டையிடும். கூடு என்று ஒன்றும் இருக்காது. ஒரு சிறு பள்ளம், சுற்றிலும் சரளையும் ஆட்டுப் புழுக்கையும். பெரும்பாலும் நான்கு முட்டைகள், கூர்முனை நடுவே சேரும்படி வைத்திருக்கும். மண் நிறத்தில் கறுப்புத் திட்டுக்களோடு இருப்பதால் காலை வைக்கும்வரை தெரியாது. பறவை சிறகு ஒடிந்ததுபோல் நொண்டி நொண்டி ஓடினால் பின்னால் போகாமல் வந்த வழியே திரும்ப வேண்டும். நாம் நிற்கிற நேரமெல்லாம் முட்டை வெயிலில் வேகிறது.

தூர்வாரும் வேலை ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஜூன் முதல் வாரம்வரை நடக்கிறது. கடைமடை வரை தண்ணீர் போய்ச் சேர அது அவசியம். அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மண் எடுக்க வேண்டியது படுகையில். வேலையை வேகமாகக் காட்ட இரண்டு கரைச் சரிவையும் சேர்த்துச் சீவிவிடுகிறார்கள். பொந்துகள் அதில்தான் அழிகின்றன. நாணல் வேர் போனால் கரை மண்ணையும் பிடிக்க ஆளில்லை. முதல் வெள்ளத்திலேயே சரிந்து, தூர்வாரிய இடத்திலேயே மறுபடி படிகிறது. தண்ணீர் திறக்கும் தேதியும் மாறுகிறது. 2022-இல் மே 24-ஆம் தேதியே அணை திறந்தது, 2024-இல் ஜூலை 28. முன்கூட்டித் திறக்கிற ஆண்டில் வேலை இன்னும் அவசரமாகும், கரையின் கீழ்மட்டத்துப் பொந்துகளுக்கு அவகாசமும் குறையும்.

இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. ஓர் ஆண்டில் ஒரு கரையிலிருந்து மட்டும் இயந்திரம் வேலை செய்யட்டும்; எதிர்க்கரைச் சரிவைத் தொடாமல் விட்டு, மறு ஆண்டு மாற்றிக்கொள்ளலாம். வாய்க்கால் அகலத்துக்குப் பொக்லைனின் கை ஒரு பக்கமிருந்தே எட்டும். வேலை தொடங்க ஒரு வாரம் முன்னால் இரண்டு பேர் காலையில் கரையோடு நடந்து, பறவை நுழைந்து வெளிவரும் பொந்துகளுக்கு மேலே குச்சி நட்டு சிவப்புத் துணி கட்டினால், அந்த இடத்தைச் சுற்றி மூன்று மீட்டரை ஓட்டுநர் விட்டுவிட்டுப் போகலாம். ஓட்டுநர்களிடம் நேரில் காட்டிச் சொன்னால் நிச்சயம் கேட்பார்கள்.

வெட்ட வேண்டியவை இருக்கவே இருக்கின்றன. நெய்வேலிக் காட்டாமணக்கு, வெங்காயத் தாமரை, சீமைக் கருவேலம் மூன்றையும் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் எடுக்கிற முறையில் தவறு நடக்கிறது. காட்டாமணக்கின் ஒரு முழத் தண்டு ஈரத்தில் கிடந்தாலே வேர்விடும். வெட்டிய துண்டைக் கரைச் சரிவில் போட்டால் அடுத்த தண்ணீர் அதைப் பத்து ஊருக்குக் கொண்டுபோய் நட்டுவிடும். தண்ணீர் எட்டாத மேட்டில் பரப்பி, முழுதும் காயவிட்ட பிறகே அகற்ற வேண்டும். வெங்காயத் தாமரையைப் பூக்கும் முன் வாரினால்தான் பலன் உண்டு. அதன் விதை சேற்றில் பல ஆண்டு உயிரோடு கிடக்கும்.

நடைபாதைக்கு ஐந்தடி அகலம் போதும், இரண்டு பேர் சேர்ந்து நடக்கலாம். செம்மண் கிராவல் கொட்டிக் கெட்டித்தால் மழைநீர் இறங்கும், முழங்காலுக்கும் நல்லது. சிமெண்டுக் கல் பத்து மணிக்கே கொதிக்கத் தொடங்கிவிடுகிறது. பாதைக்கும் தண்ணீருக்கும் நடுவில் உள்ள சரிவில் நாணலும் நொச்சியும் இருக்கட்டும். பாதை மறையாமல் ஓரடி மட்டும் கத்தரித்தால் போதும். எருக்கு இருந்தால்தான் வெந்தய வரியன் பட்டாம்பூச்சி முட்டையிடும்; இலையைத் திருப்பிப் பார்த்தால் கறுப்பு, மஞ்சள் வரியோடு புழு இருக்கும். விளக்கு வேண்டுமென்றால் இடுப்பு உயரத்தில், வெளிச்சம் தரையில் மட்டும் விழும்படி மூடி போட்டு, மஞ்சள் நிறத்தில் வைத்து, இரவு ஒன்பதரைக்கு அணைத்துவிடலாம். உயர்கோபுர வெள்ளை விளக்கு பூச்சிகளை எல்லாம் ஒரே இடத்தில் குவித்து, இருட்டில் வேட்டையாடும் ஆந்தையையும் கூகையையும் விரட்டிவிடும்.

புது ஆற்றைப் பற்றித் தனியாக ஒரு வேண்டுகோள். 1934-இல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்த கல்லணைக் கால்வாயை நவீனப்படுத்தும் பணிக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அந்தப் பணியில் கான்கிரீட் பூசிய சரிவில் எந்தப் பறவையும் பொந்து போட முடியாது என்பது ஒருபுறம். அதைவிட உடனடியான ஆபத்து, வழுக்கும் சரிவில் இறங்கிய நரி, கீரி, கன்றுக்குட்டி மேலேற முடியாமல் தவிப்பது. சில நூறு மீட்டருக்கு ஓரிடத்தில் ஓரடி அகலத்துக்குச் சொரசொரப்பான ஏறுபடி விட்டால் விலங்குக்கும் உதவும், தவறி விழுந்த மனிதருக்கும் உதவும்.

நடப்பவர்கள் செய்யக்கூடியதும் உண்டு. கரையில் கிடக்கும் தங்கூசி வலையை, அதாவது மெல்லிய நைலான் மீன்வலையை, சுருட்டித் துண்டுதுண்டாக வெட்டிக் குப்பையில் சேர்க்கலாம். பாம்பும் நீர்க்காகமும் அதில் மாட்டிச் சாகின்றன. மாட்டிய உயிரைப் பிடித்து இழுக்காமல், கண்ணியை இரண்டு பக்கமும் கத்தரிக்க வேண்டும். பாம்பாக இருந்தால் தீயணைப்புத் துறையை 101-இல் கூப்பிட வேண்டும். கொக்கு, மடையானைப் பிடித்துச் சாலையோரம் விற்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வாங்காமல் இருப்பதோடு நிற்காமல் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். கைப்பேசியில் பறவைக் குரலைப் போட்டு அழைப்பதைக் குஞ்சு பொரிக்கும் மாதங்களிலாவது நிறுத்த வேண்டும். தன் எல்லைக்குள் இன்னொரு பறவை வந்துவிட்டதாக நினைத்து, இரை தேட வேண்டிய நேரத்தை அது சண்டைக்குச் செலவிடுகிறது.

பார்த்ததை எழுதிவைக்கும் பழக்கம் வந்தால் நல்லது. தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடந்த தூரம், எந்தப் பறவை எத்தனை, அன்று ஆற்றில் தண்ணீர் எவ்வளவு என்று ஒரு வரி. பதினைந்து நிமிடப் பட்டியல்கூடப் பயன்படும். பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இ-பேர்டு இணையதளத்தில் ஏற்றினால் எல்லாருக்கும் கிடைக்கும். ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் நாள்களில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் யார் வேண்டுமானாலும் தம் ஊர்க் கரையிலிருந்தே கலந்துகொள்ளலாம். பெயர் தெரியாத பறவையைக் கரையில் ஆடு மேய்க்கும் பெரியவரிடம் கேளுங்கள். பெயரோடு, அது எந்த மரத்தில் அடையும் என்பதையும் சொல்வார்.

இந்தப் பட்டியல்கள் கையில் இருந்தால் தூர்வாரும் ஒப்பந்தம் போடும்போது எந்த மதகிலிருந்து எந்த மதகு வரை பொந்து அதிகம் என்று காட்டிப் பேசலாம். எதிர்க்கரைச் சரிவைத் தொடக் கூடாது என்ற ஒரு வரியை நீர்வளத்துறை ஒப்பந்த நிபந்தனையில் சேர்க்க வேண்டும். மார்ச் கடைசி வாரத்தில், வேலை தொடங்குவதற்கு முன்பாக, பொறியாளர்களும் ஒப்பந்தக்காரர்களும் கணக்கெடுப்பில் கலந்துகொண்ட கல்லூரி மாணவர்களும் ஒருநாள் காலை ஆறு மணிக்குக் கரையில் சேர்ந்து நடந்து, குச்சி நட வேண்டிய இடங்களை முடிவு செய்ய வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வடவாற்றுக் கரையில் நடப்போர் சிலர்,
தஞ்சாவூர்.